பத்துப் புள்ளி எட்டு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் வலது முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது நானும் இருக்கிறேன் என்று குரல் கொடுக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் என்றால் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், நடுவில் பாப்பா அழும், அப்புறம் கூப்பிடறேம்மா என்று வைத்துவிடுவாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன், நான் சொல்ல வேண்டியதைத் தொடங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் காகிதத்தைத் தேடிப் பிடித்தேன்.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "போதும்மா, அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இந்த வயசுல எதுக்கு இந்த அவமானம்? காலேஜை விட்டுட்டு இங்க வந்து பாப்பாவைப் பாத்துக்குங்க" என்றாய். அத்தை என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா, அவளோடு எத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அண்ணி லேப்பில் சைபர் வாங்கியிருக்கிறாள், வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அண்ணனுக்கும் சேர்ந்து புத்தி பிசகிவிட்டது, இரண்டு பேரும் ஜன்னல் கம்பியில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுதானே? எல்லாமே நடந்ததுதான். ஆனால் அத்தை நடுவில் வந்து நடுவிலேயே போய்விட்டாள், அவளுக்கு முன்னாலும் தெரியாது பின்னாலும் தெரியாது. முழுக்கதையையும் என் வாயால் கேள், அதற்குப் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

நான் ஏன் இதில் போய் விழுந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பாய். எங்கள் ஆஸ்பத்திரி தையல் அறைக்குக் கிழிந்த படுக்கை விரிப்பும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டும் வருவதுபோல எக்ஸ்ரே அறையிலிருந்து கனமான ஏப்ரன்களும் வரும், உள்ளே ஈயம் வைத்தது, தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். நாடா அறுந்திருக்கும், ஓரம் பிரிந்திருக்கும், நான் தைத்துக் கொடுப்பேன். ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், எத்தனை துணி அடுக்கினாலும் நிற்காத கதிர் இந்தக் கொஞ்சம் ஈயத்துக்கு மட்டும் எப்படித் தம்பி நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுப்பவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஃபிசிக்ஸ்க்கா, உங்களுக்குப் புரியாது" என்றார். நல்ல மனிதர்தான், என்னை மட்டம் தட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. புரியாது என்பதை யார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்? பள்ளியில் அறிவியல் பிரிவில் தேறிய சான்றிதழ் பெட்டியின் அடியில் சும்மாதானே கிடந்தது. காலை ஷிஃப்ட் முடிந்ததும் போய் மாலைக் கல்லூரியில் விண்ணப்பத்தை வாங்கினேன், வயது வரம்பு கிடையாது என்றார்கள், இயற்பியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் அப்பாவிடம் சொன்னேன். அப்ப சாயங்கால டீ நான் போடணுமா என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், புது ஆசிரியை என்று நினைத்து. நான் நேரே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்களுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் ஆன்ட்டி. லேப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள், எனக்குக் கிடைத்த ஜோடிக்கு வகுப்பில் புயல் என்று பட்டப்பெயர். பெயருக்கேற்ற பெண். மற்றவர்கள் மாலை முழுக்கச் செய்யும் சோதனையை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். எப்படி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு பார்த்தால் அவள் கருவியைத் தொடுவதே இல்லை. விடை என்ன வர வேண்டும் என்று புத்தகத்தில் பார்த்து, அங்கிருந்து பின்பக்கமாகவே கணக்குப் போட்டு, வந்திருக்க வேண்டிய ரீடிங்குகளை எழுதி வைத்துவிடுவாள், நிஜம்போலத் தெரிய அங்கங்கே கொஞ்சம் பிசகாகவும் எழுதுவாள். அவள் மட்டும் இல்லை, வகுப்பே அப்படித்தான். மேல் வகுப்புப் பிள்ளைகளின் பழைய ரெகார்டு கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பகல் முழுக்க எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், நாலு ஜோடிக்கு ஒரு ஸ்டாப்வாட்ச், ஆசிரியர் ஒருத்தர்.

வம்பு வந்தது ஊசல் சோதனையில். நீளமான இரும்புச் சட்டம், அதில் வரிசையாகத் துளைகள், ஒரு துளையைக் கூர்முனையில் மாட்டி லேசாக ஆட்டிவிட வேண்டும், இருபது முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுத வேண்டும், அப்படியே அடுத்த துளை, அடுத்த துளை. கடைசியில் கணக்குப் போட்டால் பூமி நம்மை இழுக்கிற வேகம் கையில் வந்து நிற்கும். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா, ஒரு இரும்புத் துண்டை ஆட்டிவிட்டு இவ்வளவு பெரிய பூமியைக் கேள்வி கேட்கலாம், அதுவும் பதில் சொல்லும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். எனக்குப் பத்துப் புள்ளி எட்டு வந்தது. திரும்பச் செய்தேன், திரும்பவும் அதுவேதான். புயல் எட்டிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி உங்க பக்கம் பூமி கொஞ்சம் அதிகமா இழுக்குது, உடம்பைக் குறைங்க என்றாள், லேப்பே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அவள் தன் ரெகார்டை என் பக்கம் நகர்த்தி, பாத்து எழுதிக்குங்க என்றாள். எழுதவில்லை. பத்துப் புள்ளி எட்டை எழுதிக் கொண்டுபோய் ஆசிரியரிடம் நீட்டினேன்.

அவர் உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார், எப்போதும் தூக்கம் போதாத முகம். பார்த்துவிட்டு, "மேடம், இது எல்லாருக்கும் ஒன்பது புள்ளி எட்டுதான் வரும். மாத்தி எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

"எனக்கு வரல சார்" என்றேன்.

"வர்ற மாதிரி எழுதுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், பின்னால் வரிசையில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. வருகிற மாதிரி எழுதுவதற்கு நான் தையல் அறையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டுமா, வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிவிட மாட்டேனா? மாத்த மாட்டேன் சார், எங்க தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன் என்றேன். இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் தப்பையும் தேட நேரம் இல்லை என்று சொல்லி, சிவப்பு மையில் பெரிய சைபர் போட்டுக் கொடுத்தார். அத்தை சொன்ன சைபர் அதுதான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் துறைத் தலைவர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார். இது கஷ்டமான படிப்பு, உங்கள் வயதுக்கு இலக்கியம், வரலாறு மாதிரி எடுத்தால் நிம்மதியாக இருக்கும், மாற்றித் தருகிறேன் என்றார். நிம்மதிக்காக நான் வரவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நான் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தப்பு எங்கே என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்றால் நானே பிடிப்பது என்று முடிவு செய்தேன். முதலில் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல்தான் சந்தேகம், எத்தனையோ வருஷமாக எல்லார் கையிலும் அடிபட்டது. பிறகு ஸ்டாப்வாட்ச் மேல் சந்தேகம். அதனால் இரண்டும் இல்லாமல் வீட்டில் செய்து பார்த்தேன். அப்பாவின் பழைய கருவிப்பெட்டியிலிருந்து கனமான நட்டு ஒன்றை எடுத்து, தையல் நூலில் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். அப்பா போனில் நேரம் பார்த்தார், நான் எண்ணினேன். நான் ஒன்று என்றதும் அவர் அழுத்த வேண்டும், இருபது என்றதும் நிறுத்த வேண்டும். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனிதர், பிரேக்கில் கால் வைக்கிற கவனத்தோடு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். நாங்கள் இருவரும் ஆடுகிற நட்டையே பார்த்துக்கொண்டு நான் பதினொன்று பன்னிரண்டு என்று முணுமுணுப்பதைக் கண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். என்ன பண்றீங்க என்று கேட்டாள். அப்பா கண்ணை எடுக்காமல், பேசாதே, எண்ணிக்கை போயிடும் என்றார். அவள் திரும்பி நடந்தவள்தான், உனக்குப் போன் பண்ணும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டிலும் பத்துப் புள்ளி எட்டுதான் வந்தது. அன்றைக்கு நான் உண்மையாகவே உடைந்துபோனேன். வேறு ஊசல், வேறு கடிகாரம், வேறு இடம், ஆனால் அதே பிசகு. அப்படியானால் இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தது என்ன? நான் ஒருத்திதான். தப்பு கருவியில் இல்லை, என்னில் இருக்கிறது. அந்த நினைப்போடு ஒரு வாரம் சுற்றினேன், சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியதும் உண்மை. பிறகு ஒருநாள் வேலையில் டாக்டர் கோட்டுக்குப் பொத்தான் வைக்க அடையாளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு பொத்தான், அதனால் நீளத்தை ஐந்தால் வகுத்துச் சாக்பீஸில் குறித்தேன். தினமும் செய்கிறதுதான், கை தன்பாட்டுக்குச் செய்யும். ஏன் ஐந்து? ஆறு பொத்தானுக்கு நடுவில் இடைவெளி ஐந்துதானே இருக்கும். சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. நான் ஒன்று என்று சொன்னபோது நட்டு ஓர் ஆட்டமும் ஆடி முடித்திருக்கவில்லை, அப்போதுதான் புறப்பட்டிருந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினால் ஆட்டம் பத்தொன்பதுதான். பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டியதை ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன், அதனால் நேரம் குறைந்து விடை கூடிவிட்டது. இத்தனை வருஷம் பொத்தான் வைத்தவளுக்கு இது தெரியவில்லையே என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கூட வேலை செய்கிறவர்கள் என்னக்கா என்னக்கா என்று கேட்டார்கள், சொன்னாலும் விளங்காது என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை அடக்கிக்கொண்டு உட்காரவைத்து விளக்கினேன். சாயங்காலம் வீட்டில் பூஜ்யம் என்று தொடங்கி எண்ணினோம், ஒன்பது புள்ளி ஏழு வந்தது. பூமி கொஞ்சம் இறங்கி வந்துடுச்சு போல என்றார் அப்பா.

கல்லூரியில் சட்டத்தை மாட்டி முதலிலிருந்து செய்து, புது அளவை எழுதி, பழைய பக்கத்தையும் அப்படியே வைத்து, எங்கே தவறினேன் என்பதை நடுவில் நாலு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் படித்தார். பிறகு, சரிதான், ஆனால் அந்தப் பழைய பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், ரெகார்டில் தப்பான விடை இருக்கக்கூடாது என்றார்.

"அது பொய் இல்ல சார், தப்பு. தப்பு இருக்கட்டும்" என்றேன்.

அவர் கிழிக்கச் சொல்லி மறுபடி வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டார், தாமதம் என்று பாதி மார்க்தான் கொடுத்தார், அது விதி, நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் நான் நகர்ந்த பிறகு மேஜையில் இருந்த மற்ற ரெகார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனையிலும் ஒன்பது புள்ளி எட்டு, ஒரு மயிரிழை பிசகாமல். அடுத்த வகுப்பில் எல்லாரும் என் கண் முன்னால் மறுபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். வந்ததே கோபம் பிள்ளைகளுக்கு, ஆசிரியர் மேல் இல்லை, என் மேல். ஆன்ட்டியால்தான் என்று ஒருத்தரும் என்னோடு பேசவில்லை, பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. புயல்தான் எல்லாரையும்விடக் கோபமாக இருந்தாள். போகட்டும் என்று இருந்தேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளே வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, எனக்குப் பதினொன்றுக்கு மேல் வருது, பூஜ்யத்திலிருந்துதான் எண்ணினேன், ஏன்னு தெரியல என்றாள். எனக்கும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். கல்லூரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவள் வீட்டுக்குத் தாமதமாகப் போகிறாள்.

இப்போது உனக்கு இன்னும் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன், அத்தை சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது மேல். பருவத் தேர்வு முடிவு வந்தது. இயற்பியல் இரண்டு தாளும் தேறிவிட்டேன், கணக்கில் போய்விட்டது. கொஞ்சமாக இல்லை, நன்றாகவே போய்விட்டது. நுண்கணிதம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறது. மறுபடி எழுதுவேன். அதிலும் போனால் அதற்கடுத்த தடவை எழுதுவேன். என்னோடு படிக்கிற பிள்ளைகள் தவறினால் அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று தோளில் தட்டுகிறீர்கள், நான் தவறினால் மட்டும் வயதாகிவிட்டது வீட்டுக்கு வா என்கிறீர்கள். அவமானம் என்று நீ சொன்ன வார்த்தையை நான் இங்கே நன்றாகத் தேடிப் பார்த்தேனம்மா, சைபரில் இல்லை, கணக்குத் தாளிலும் இல்லை. வருகிற மாதிரி எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்குகிறது, தெரியாத ஆளிடம் குழந்தையை விட மனம் வரவில்லை, அது எனக்குப் புரியாமல் இல்லை. பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்குக் கை துடிக்கிறது, நீ அனுப்பிய படத்தில் அவள் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அன்றைக்கு முழுக்க எல்லாரிடமும் காட்டினேன். ஆனாலும் நான் இப்போது வர மாட்டேன். விடுமுறைக்கு வருவேன், அதற்கு முன்னால் இல்லை. நீ வேலையை விடாமல் இருக்க நான் படிப்பை விட வேண்டும் என்றால் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கோபப்படாதே, முழுக்கப் படி. நீ போனை வைத்த அன்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "குழந்தைய பாத்துக்க ஆள் வேணும்னு தானே கேட்டா, உன்னைத்தான் வேணும்னு எங்க எழுதியிருக்கு? நான் போறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் போய் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். நீ பிறந்தபோது அவர் ஓட்டியது வெளியூர் வண்டி, அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். இந்தத் தடவை குழந்தை விழித்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்கிறார். மாடி வீட்டுத் தையல்காரியின் கைக்குழந்தையைக் கேட்டு வாங்கி வந்து குளிப்பாட்டப் பழகுகிறார், முதல் நாள் குழந்தையைவிட இவர்தான் அதிகம் நனைந்தார், இப்போது கை படிந்துவிட்டது. ஆம்பிளை போய்க் குழந்தை பார்ப்பதா என்று அத்தை வந்து குதித்தாள். பஸ் நிறையப் பேரை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன், ஒரு குழந்தையைப் பார்க்க மாட்டேனா என்று திருப்பிக் கேட்டார்.

அதனால் அடுத்த மாதம் முதல் வாரம் அப்பா வந்து இறங்குவார், மாப்பிள்ளையைக் கூட்டிப்போக வரச் சொல். அவருக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டம், பாப்பாவோடு விளையாடத் தாழ்வான நாற்காலி ஒன்று போட்டுக் கொடு. முட்டிக்குப் போடும் மாத்திரையை மறந்துவிட்டேன் என்பார், நம்பாதே, வேண்டுமென்றுதான் போடாமல் இருப்பார். டீயில் சர்க்கரையை நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டிவிடுவார், டப்பாவை உயரத்தில் வை. குழந்தைக்கு இப்படித்தான் கொடுக்க வேண்டும் அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று பின்னாலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்காதே, அவர் ஒரு தடவை தப்பாகச் செய்வார், இரண்டாம் தடவை தானே திருத்திக்கொள்வார். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். அத்தைமேல் வருத்தம் வேண்டாம், உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருக்கிறாள், அடுத்த முறை அவள் கூப்பிட்டால் என் கணக்கு மார்க்கை நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு, அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்காது.

மறக்காமல் இருக்க ஒன்று. இனி மாலை நேரத்தில் என்னைக் கூப்பிடாதே, லேப்பில் இருப்பேன், எடுக்க மாட்டேன். பாப்பாவுக்கு என் முத்தம். நீ நினைத்ததெல்லாம் உனக்கு நடக்கட்டும், மனதார வாழ்த்துகிறேன். நான் நினைத்ததும் எனக்கு நடக்க நீயும் ஒரு தடவை வாழ்த்து.

என்றும் உன்மேல் உயிரான,
அம்மா
இயற்பியல், முதலாம் ஆண்டு